மடிப்புக்கு உள்ளே என்ன எழுதுவது?



நம் வாசகர் வட்டத்துக்கான உறுப்பினர் அட்டையை வெளியே கொடுக்காமல், அலுவலகக் கணினியிலேயே வடிவமைத்து அச்சடிக்கப்போகிறோம் என்று சென்ற இதழில் ஓர் ஓரமாக இரண்டு வரி எழுதியிருந்தோம். கதைக்கும் கட்டுரைக்கும் வராத அளவு கடிதங்கள் அந்த இரண்டு வரிக்கு வந்துவிட்டன. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள், திருப்பூர்த் தையல் தொழிலாளர்கள், கோபிசெட்டிபாளையத்து நூலக வாசகர்கள், சூலூரில் குளம் காக்கக் கிளம்பியிருக்கும் இளைஞர்கள் என்று எழுதியவர்கள் பலதரப்பட்டவர்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான். "ஏனுங்க, எங்க சங்கத்துல முந்நூறு பேருதான். ஆப்செட்ல ஆயிரத்துக்குக் கொறஞ்சா கட்டுபடி ஆகாதுங்கறாங்க. வேர்டுலயே அட்டை அடிச்சரலாமுங்களா? மடிக்கிற மாதிரி வேணுமுங்க."

அடிக்கலாம். எப்படி என்று இந்தப் பக்கத்திலேயே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மடித்தால் நாலு பக்கம் கிடைக்கும். அந்த நாலு பக்கத்தில் என்ன எழுதப்போகிறீர்கள்? வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் இதற்குப் பதில் இல்லை. சங்கத்தின் பெயர், சின்னம், போட்டோ, எண், தலைவர் கையெழுத்து. இவ்வளவுதான் வேண்டும் என்றால் மடிப்பே தேவையில்லையே!

மடித்த அட்டை நமக்குப் புதிதில்லை. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வரும்வரை நம் வீட்டு அலமாரியில் இருந்த குடும்ப அட்டையை நினைத்துப் பாருங்கள். புதிது அடித்துக் கொடுக்காமல் ஆண்டுக்கு ஆண்டு உள்தாள் ஒட்டியே ஓட்டினார்கள். அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் வாங்கிய கணக்கெல்லாம் அதன் கட்டங்களில் ஏறின. 2010-க்குப் பிறகு தபாலில் வந்த ஆதார் கடிதத்தின் அடிப்பகுதியை வெட்டி, நடுவில் மடித்து, ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு வாங்காதவர் நம்மில் யார்? ஒருபக்கம் மட்டும் அச்சாகும் தாளை மடித்து இருபக்க அட்டையாக்கும் வித்தையை நாடு முழுக்கக் கற்றுக்கொடுத்தது அந்தக் கடிதம்தான். கட்டுமானத் தொழிலாளர் முதல் தையற்காரர் வரை கையில் வைத்திருக்கும் நலவாரிய அட்டை, ஆவின் பால் அட்டை என்று நம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி நாலைந்து இருக்கும்.

பிளாஸ்டிக் அட்டை நீங்கள் யார் என்று மட்டும் சொல்லும். காகித அட்டையில் பேனாவால் எழுதலாம், முத்திரை குத்தலாம், சந்தா கட்டியதைக் குறிக்கலாம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் நடக்கும் காரியம் அதில் பதிவாகிக்கொண்டே போகும்.

பழைய நூலகங்கள் சிலவற்றில் இதற்கு அழகான ஏற்பாடு ஒன்று இருந்தது. உறுப்பினரிடம் இருந்தது ஒரு குட்டி அட்டை. மடித்து ஓரம் ஒட்டிய பை போல இருக்கும். மேலே உறுப்பினர் பெயர். புத்தகம் எடுக்கும்போது அதனுள் இருக்கும் புத்தக அட்டையை உருவி, இந்தப் பைக்குள் செருகி, நூலகர் தேதி வாரியாக அடுக்கி வைத்துக்கொள்வார். புத்தகம் உங்களோடு வீட்டுக்குப் போகும். உங்கள் பெயர் நூலகத்தில் தங்கும். புத்தகம் திரும்பினால் பெயரும் திரும்பும். 1895 வாக்கில் அமெரிக்க நூலகர் நீனா பிரவுன் வகுத்த முறை இது. அட்டை ஒன்றுக்கு ஒரு புத்தகம் என்பதால், எத்தனை அட்டை கையில் இருக்கிறதோ அத்தனை புத்தகம் உங்கள் உரிமை. அட்டையைப் பார்த்தாலே உறுப்பினருக்குத் தன் உரிமை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நூலகம் என்றதும் நம் மண்ணின் மனிதர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம்தான் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அப்போது கல்வி அமைச்சர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம்; பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தை உருவாக்கியவர். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல காலம் வாதாடிய கருத்து, அவினாசிலிங்கத்தின் காலத்தில் சட்டமானது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாவது அந்தச் சட்டத்தால்தான். வரி கட்டுகிறவர் எல்லோரும் நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆக, நூலக உறுப்பினர் அட்டை யாரும் போடும் பிச்சை இல்லை. நாம் கட்டிய பணத்துக்கான சீட்டு.

தொழிற்சங்க அட்டையும் இதே வழிதான். 1926-இன் தொழிற்சங்கச் சட்டம், பதிவுபெறும் சங்கத்தின் விதிகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டது. கணக்குப் புத்தகங்களை உறுப்பினர்கள் பார்வையிட வசதி செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு பஞ்சாலை யுகம் பிறந்த ஊர் கோவை. இங்கே சங்கமும் சந்தாவும் தலைமுறைகளாகப் பழகிய விஷயங்கள். ஆனால் சங்கக் கணக்கைப் பார்க்கத் தனக்கு உரிமை உண்டு என்பது எத்தனை உறுப்பினருக்குத் தெரியும்? அட்டையில் ஒரு வரி அச்சடித்திருந்தால் தெரிந்திருக்கும். விவசாயிகள் குழுக்களுக்கும் மன்றங்களுக்கும் பொருந்துவது 1975-இன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். உறுப்பினர் பதிவேடு, ஆண்டுதோறும் பொதுக்குழு, வரவு செலவுக் கணக்கு ஆகிய மூன்றையும் அது கட்டாயம் ஆக்குகிறது. உங்கள் சங்கம் பதிவு பெற்றது என்றால், இவை மூன்றும் உறுப்பினருக்கு நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட வாக்குகள்தான். அவற்றை அட்டையில் எழுதுவதில் என்ன தயக்கம்?

அதனால் நாலு பக்கத்தையும் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. முகப்பு சங்கத்துக்கு: பெயர், சின்னம், பதிவு எண். உள்ளே இடது பக்கம் உறுப்பினருக்கு: போட்டோ, பெயர், ஊர், எண், செல்லுபடி தேதி. உள்ளே வலது பக்கம் சங்கம் உறுப்பினருக்குத் தரும் வாக்கு. பின்பக்கம் சந்தா கட்டங்கள். இந்தப் பிரிவினையில் அச்சடிப்பவருக்கும் ஒரு லாபம் உண்டு. ஆளுக்கு ஆள் மாறுவது உள்பக்கம் மட்டும்தான். வெளிப்பக்கம் எல்லோருக்கும் ஒன்று. இரண்டு பக்கத்திலும் பெயர் வந்தால் ஒருவர் முன்பக்கமும் இன்னொருவர் பின்பக்கமும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதில் அந்தப் பேச்சே இல்லை.

இனி கணினிக்குப் போவோம்.

ஏ.டி.எம். கார்டின் அளவு 85.6 மில்லிமீட்டருக்கு 54. சட்டைப் பையிலும் பர்ஸிலும் அடங்கும் அளவு அதுவே. மடித்த பின் அந்த அளவு வர வேண்டும் என்றால், விரித்த நிலையில் 17.2 சென்டிமீட்டர் அகலம், 5.4 உயரம். ஏ4 தாள் 21 அகலம், 29.7 உயரம். தாளை நெட்டுக்குத்தாக வைத்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து அட்டை அடங்கும். முந்நூறு பேருக்கு அறுபது தாள். வீணாவதற்குச் சேர்த்து இன்னும் பத்து வாங்கி வையுங்கள்.

வேர்டில் டெக்ஸ்ட் பாக்ஸ்களை இழுத்து இழுத்து வைக்காதீர்கள். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று ஓடும். டேபிள் போடுங்கள்: ஐந்து வரிசை, இரண்டு பத்தி, பத்தி ஒவ்வொன்றும் 8.6 சென்டிமீட்டர். வரிசை உயரம் 5.4 என்று கொடுத்து, பக்கத்தில் 'எக்ஸாக்ட்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; இல்லையென்றால் எழுத்துக் கூடும்போது வரிசை தானாக வளர்ந்து ஐந்தாம் அட்டை அடுத்த தாளுக்குப் போய்விடும். எழுத்துக்கு ஏற்பப் பத்தி அகலம் மாறும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இடது, வலது மார்ஜின் 1.9, மேலே 1.35; கீழே 1. டேபிள் நடுவில் நிற்கட்டும். கட்டத்துக்குள் நாலு பக்கமும் 4 மில்லிமீட்டர் இடம் விடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒரு வெற்றுத்தாள் கூடவே வரும். பயப்படாதீர்கள். டேபிளுக்குக் கீழே ஒரு காலிப் பாரா இருந்தே தீரும் என்பது வேர்டின் பிடிவாதம். அந்தப் பாராவில் கர்சரை வைத்து எழுத்தளவை 1 ஆக்கி, வரி இடைவெளியைக் குறைத்தால் வெற்றுத்தாள் மறைந்துவிடும். காசு கொடுத்து வேர்டு வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இலவசம். அதில் 'லேபிள்ஸ்' என்று தனியாகவே ஒரு வசதி உண்டு. ஓர் அட்டையில் செய்த மாற்றத்தை மற்ற எல்லாவற்றிலும் ஏற்றும் பொத்தானும் அதில் இருக்கிறது.

இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள், வெளிப்பக்கத்துக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று. வெளிப்பக்கக் கோப்பில் முகப்பு வர வேண்டியது வலது கட்டத்தில். சந்தா கட்டங்கள் இடது கட்டத்தில். தலைகீழாகத் தோன்றினாலும் மடித்துப் பார்த்தால் சரியாக வரும். நம்பிக்கை வராதவர்கள் ஒரு வெள்ளைத் தாளை மடித்து, பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பேனாவால் எழுதி விரித்துப் பாருங்கள். இருபக்கமும் அச்சடிக்கும்போது தாளின் நீண்ட ஓரத்தை ஒட்டித்தான் திருப்ப வேண்டும். குட்டை ஓரத்தில் திருப்பினால் முதல் அட்டையின் முதுகில் ஐந்தாம் அட்டை குப்புற வந்து உட்காரும். அச்சுக்கு அனுப்பும்போது 'ஃபிட் டு பேஜ்' என்றிருந்தால் எடுத்துவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள். எவ்வளவு நல்ல பிரிண்டரானாலும் முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகும். ஆகவே அட்டை ஓரத்தை ஒட்டிப் பட்டை, பார்டர் எதுவும் வேண்டாம். விலகினால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

அடுத்து எழுத்து. இதில் நம் பகுதிக்குத் தனிப் பாத்தியதை உண்டு. 1935-இல் ஈரோட்டுப் பெரியார் தம் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய எழுத்து மாற்றங்களைத்தான் 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. அதற்கு முன் அச்சான சங்க அட்டை யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'தலைவர்' என்பதில் லகரத்தின் தலைக்கு மேல் துதிக்கை வளைந்திருக்கும். அச்சுக்கோப்பவருக்கு அதற்கென்று தனி ஈய எழுத்து வேண்டியிருந்தது. பிறகு கணினி வந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்று ஆனது. 2010 ஜூனில் செம்மொழி மாநாடு கோவையில் நடந்தது. தமிழ் இணைய மாநாடும் கூடவே நடந்தது. யூனிகோடு, டேஸ் 16 ஆகிய இரண்டு எழுத்துக் குறியேற்ற முறைகளையும் தமிழ்நாடு அரசு தன் தரமாக அறிவித்தது அந்த நேரத்தில்தான்.

இந்த வரலாறு உங்கள் அட்டைக்குள் எங்கே வருகிறது என்றால், உறுப்பினர் பட்டியலில் வருகிறது. பல சங்கங்களின் பட்டியல் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் ஏதோ ஒரு டி.டி.பி. கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எக்ஸலில் பார்க்கும்போது தமிழாகத் தெரியும். பட்டியலில் உள்ள பெயர்களை அட்டைக்குள் தானாகக் கொண்டுவரும் மெயில் மெர்ஜ் செய்தால் எழுத்துரு அங்கேயே தங்கிவிடும். இங்கிலீஷ் எழுத்தும் குறியும் கலந்த புரியாத சரம் மட்டும் அட்டையில் வந்து விழும். அட்டையில் அந்த இடத்துக்கும் பாமினியே போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் முறையான வழி, பட்டியலை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் படியுங்கள். அதற்கு எந்த மென்பொருளும் ஈடில்லை.

தமிழ் எழுத்து மேலும் ஏறும், கீழும் இறங்கும். இகரத்தின் மேல்விலங்கும் புள்ளியும் மேலே; 'கு', 'ழு', 'ஞூ' எல்லாம் கீழே. இடம் பிடிப்பதற்காக வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று இறுக்கினால், வேர்டு ஈவிரக்கமில்லாமல் தலையையும் காலையும் வெட்டிவிடும். வரிசை உயரத்துக்கு அந்தத் தேர்வு சரி. வரி இடைவெளிக்கு ஆகாது. உறுப்பினர் பெயர் 11 புள்ளி, மற்றவை 9 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும். அட்டையைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள். எழுத்து பொருந்துகிறதா என்று சோதிக்க 'கோவை', 'கரூர்' என்று அடித்துப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். 'நரசிம்மநாயக்கன்பாளையம்' என்று அடித்துப் பாருங்கள். போட்டோவுக்கு இடம் விட்ட பிறகு அந்த ஊர் ஒரே வரியில் அடங்கினால் கொங்கு நாட்டின் எந்த ஊரும் அநேகமாக அடங்கும்.

மெயில் மெர்ஜ் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எக்ஸலில் ஆளுக்கு ஒரு வரிசை. பெயர், தலைப்பெழுத்து, ஊர், எண், தேதி என்று தனித்தனிப் பத்தி. வேர்டில் முதல் அட்டையில் அந்தப் புலங்களைச் செருகி, இரண்டாம் அட்டையிலிருந்து ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 'நெக்ஸ்ட் ரெகார்ட்' என்பதைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒரு தாளின் ஐந்து அட்டையிலும் ஒரே ஆள் சிரிப்பார்.

கவனிக்க வேண்டியவை மூன்று. 001 என்று எண் கொடுத்தால் எக்ஸல் முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். மார்ச் 4 என்று கொடுத்த தேதி, மெர்ஜில் மாதம் முன்னால் வரும் அமெரிக்க வழக்கத்துக்கு மாறி ஏப்ரல் 3 போலத் தெரியும். இந்த இரண்டு பத்தியையும் முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிட்டுத் தட்டச்சு செய்தால் தப்பிக்கலாம். மூன்றாவது தலைப்பெழுத்து. ஒரே ஆள் ஆதாரில் 'கே.' ஆகவும் சங்கப் பதிவேட்டில் 'கு.' ஆகவும் இருப்பார். எது சரி என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறாரோ அப்படியே போடுங்கள். அதைத் தனிப் பத்தியில் வைத்தால்தான் பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்க முடியும். போட்டோவையும் மெர்ஜில் கொண்டுவர முடியும், ஆனால் பாடு அதிகம். கட்டம் மட்டும் அச்சடித்து, ஸ்டாம்பு அளவுப் போட்டோவை ஒட்டி, பாதி போட்டோவிலும் பாதி அட்டையிலும் படும்படி சங்க முத்திரையைக் குத்துவதே பழைய, நல்ல வழி. போட்டோவை மாற்றி ஒட்டினால் முத்திரை காட்டிக்கொடுக்கும்.

காகிதம் வாங்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் 1960-இல் உருவான சேஷசாயி காகித ஆலை. கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து 1984 முதல் காகிதம் எடுக்கும் டி.என்.பி.எல். காவிரித் தண்ணீரும் நம் கரும்பும் காகிதமாகும் ஊர்கள் இவை. அட்டைக்கு 200 ஜி.எஸ்.எம். அளவுள்ள போர்டு போதும். அதற்கு மேல் போனால் வீட்டுப் பிரிண்டர் இழுக்கத் திணறும். வாங்குமுன் உங்கள் பிரிண்டர் எவ்வளவு கனம் தாங்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பளபளக்கும் ஆர்ட் போர்டில் இங்க்ஜெட் மை ஒட்டாமல் ஈஷிக்கொள்ளும். லேசருக்கு என்று கேட்டு வாங்கினால் தொல்லை இல்லை.

காகிதத்துக்கும் நார் ஓடும் திசை உண்டு. நாரோடு மடித்தால் வழுவழுவென்று மடியும். குறுக்கே மடித்தால் வெடித்து வெள்ளை தெரியும். பெரும்பாலான ஏ4 தாளில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நம் அட்டையின் மடிப்பும் அதே வாக்கில்தான் விழுகிறது என்பதால் கவலையில்லை. பெரிய போர்டை வாங்கி வெட்டித் தரச் சொல்பவர்கள் மட்டும் இருபுறமும் வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் வாக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன்பே மடிப்புக் கோடு போட்டுவிடுவது நல்லது. ஐந்து அட்டைக்கும் மடிப்பு ஒரே நேர்கோட்டில், தாளின் சரிநடுவில், 10.5 சென்டிமீட்டரில் இருக்கிறது. இரும்பு ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு இழுப்பு இழுத்தால் ஐந்தும் முடிந்தது. கோட்டின் பள்ளம் அட்டைக்கு வெளியே இருக்கும்படி மடிக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கோவை டவுன்ஹால், காந்திபுரம் பக்கத்து அச்சகங்கள் இருக்கின்றன. கணினி வந்த பிறகும் ஓய்வு பெறாத டிரெடில் மிஷின்கள் சில, இன்றும் கிரீசிங் என்னும் மடிப்புக் கோடு போடவும் எண் குத்தவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதற்கான கூலியை அவர்களுக்குக் கொடுப்பதில் தவறில்லை.

மடிப்பின் மேல் அடர்ந்த நிறம் ஓட விடாதீர்கள். லேசர் அச்சின் பொடி அங்கே உதிரும். லேமினேஷன் வேண்டுமா என்பவர்களுக்கு: பின்பக்கத்தில் சந்தா கட்டம் இருந்தால் வேண்டாம், அதன்மேல் பேனா எழுதாது. ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை போதும்.

இப்போது மூன்றாம் பக்கத்துக்கு, அதாவது உள்ளே வலது புறத்துக்கு வருவோம். 9 புள்ளியில் அங்கே சுமார் பத்து வரி அடங்கும். நாற்பது சொல்லுக்குள் முடிக்க வேண்டும். அவ்வளவு சின்ன இடம் என்பதே அதன் நன்மை. சுற்றி வளைத்துப் பேச முடியாது. பொதுக்குழு எந்த மாதம் கூடும்? எத்தனை நாள் முன்பு தகவல் வரும்? கணக்கை எங்கே, எப்போது பார்க்கலாம்? குறை இருந்தால் யாரிடம் சொல்வது? ஓட்டுரிமை எப்போது கிடைக்கும்? இவற்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் பல சங்கங்களில் முதலில் ஒரு செயற்குழுவைக் கூட்ட வேண்டிவரும் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டட்டுமே. முந்நூறு அட்டை அடிக்கிற சாக்கில் அந்தக் கேள்விகள் மேசைக்கு வந்தால், அட்டையைவிட அது பெரிய லாபம்.

அட்டையில் வரக்கூடாதவையும் உண்டு. ஆதார் எண் வேண்டவே வேண்டாம். அட்டை தொலைந்தால் எண்ணும் ஊர் மேயும். சாதி எதற்கு? தென்னைக்கும் நெசவுக்கும் நூலகத்துக்கும் அது தேவைப்படாது. விண்ணப்பத்திலேயே அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள். இரத்தப் பிரிவு போடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். போடலாம், ஆனால் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் போடுங்கள், வாய்ச்சொல்லை நம்பிப் போடாதீர்கள். எப்படியும் மருத்துவமனையில் இரத்தம் ஏற்றும் முன் அவர்கள் திரும்பச் சோதித்துத்தான் ஏற்றுவார்கள். தலைவர் போட்டோவுக்கு இடம் கேட்பவர்களுக்கு என் பதில்: தலைவர் மாறுவார், அட்டை மாறாது. உறுப்பினர் போட்டோ ஒன்றே போதும்.

ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவர் தம் அட்டையில் என்ன எழுதியிருக்கிறார் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம் வாசகர் வட்ட அட்டையின் மூன்றாம் பக்கத்தில் இப்போதைக்கு நாலு வாக்கு இருக்கிறது:

ஆண்டுக் கூட்டத்தில் இதழின் வரவு செலவைக் கேட்டறியலாம்.

பிழை சுட்டினால் அடுத்த இதழில் திருத்தம் வெளியாகும்.

உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியே போகாது.

விலகினால் மீதிச் சந்தா முழுதும் திரும்ப வரும்.

முதல் வாக்கைப் பற்றி அலுவலகத்தில் நல்ல விவாதம் நடந்தது. "சங்கத்துக்குச் சரிங்க. பத்திரிகை வரவு செலவைப் போய் வாசகருக்குச் சொல்லோணுங்களா?" என்று எங்கள் கணக்காளர் கேட்டார். ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கொடுத்து, பன்னிரண்டு இதழுக்கும் நம்பிக் காத்திருப்பவர்கள் நீங்கள்தான். காகித விலை ஏறினால் பக்கத்தைக் குறைப்பதா, விலையைக் கூட்டுவதா என்று முடிவெடுக்கும்போது உங்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? அதனால் அந்த வரி இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

நாலு வாக்கும் எட்டு வரியில் முடிந்துவிட்டன. மீதி இரண்டு வரியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறோம். இதழிடமிருந்து நீங்கள் கேட்டு வாங்க நினைக்கும் வாக்கு எது என்று அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பத்துச் சொல்லுக்குள் இருக்கட்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வந்து சேர்பவற்றை ஆசிரியர் குழு முழுதும் உட்கார்ந்து படிக்கும். எங்களால் காப்பாற்ற முடிந்ததை அச்சில் ஏற்றுவோம். முடியாததை ஏன் முடியாது என்று இந்தப் பக்கத்திலேயே சொல்வோம்.

அன்புடன்,
ஆசிரியர்